ஒரு ஊர், இரண்டு பள்ளி, ஒரு கேட்

1. இன்ஸ்பெக்டரம்மா

துணை ஆய்வாளராகப் பொறுப்பேற்ற முதல் நாள், மண்ணாடிப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கு ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் கரும்பு, வழி புரியவில்லை. ஒரு டீக்கடையில் நிறுத்தி, "ஸ்கூல் இன்ஸ்பெக்டர்ங்க, பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். மாட்டு வண்டியில் ஆற்று மணல் ஏற்றி வந்த இரண்டு பேர் காதில் 'இன்ஸ்பெக்டர்' மட்டும் விழுந்திருக்கிறது. வண்டியை வந்த வழியே திருப்பி, மாட்டை விரட்டிக்கொண்டு போனார்கள். மாடுகளுக்கே எதற்கு இந்த அவசரம் என்று புரிந்திருக்காது.

என் பதவியைக் கேட்டுப் பயந்தவர்கள் அவர்கள்தான். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை எந்தப் பள்ளியிலும் அப்படி யாரும் பயப்படவில்லை. பயப்படாதது நல்லதுதான்; பயந்தவர்களிடம் உண்மை வராது.

என் வேலையில் பெரும்பகுதி ஒப்பிடுவது. புதுச்சேரியில் பஞ்சாயத்தைக் கொம்யூன் என்போம்; வில்லியனூர் கொம்யூனில் இந்தப் பள்ளி, பாகூர் கொம்யூனில் அந்தப் பள்ளி. எது தேவலை, எதற்கு டீச்சர் போடலாம், எதை எதோடு இணைக்கலாம். கடைசிச் சில வருடங்கள் கையில் டேப்லெட் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பாயிண்ட்டைத் தட்டினால் அதுவே கூட்டி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டும். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதுதான். தட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சிலது இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

வருகைக் கணக்கை ஒரே நாளில் எடுக்காதீர்கள். நல்லவாடு மாதிரி கடலோரத்தில் வலை நிறைய மீன் வந்த அன்றைக்கு வகுப்பில் பாதி பெஞ்ச் காலியாக இருக்கும். கரும்பு வெட்டு நடக்கும்போது பெரிய பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுவார்கள். அந்த நாளில் போய் மார்க்கைக் குறைத்தால், அது பள்ளிக்குப் போட்ட மார்க் இல்லை, மீனுக்கும் கரும்புக்கும் போட்ட மார்க்.

போனதும் முதலில் கழிப்பறையைப் பாருங்கள். ஹெச்.எம். அறையில் உட்காரவைத்து டீ கொடுப்பதற்குள் போய்விட வேண்டும். நீங்கள் டீ குடிக்கிற நேரத்தில் அங்கே நாலு வாளி தண்ணீர் ஊற்றிவிடுவார்கள்.

இது போதும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், பாகூர்ப் பக்கம் அந்த ஊருக்குப் போகும் வரை. ஊர்ப் பெயர் வேண்டாம். எல்லோரும் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள், நாளைக்கு பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்காருவார்கள்.

2. கிழக்கும் மேற்கும்

ஒரே ஊரில் இரண்டு அரசு தொடக்கப்பள்ளி இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்து, தேவலையாக இருப்பதோடு மற்றதை இணைத்துவிட வேண்டும் என்று மேலிருந்து வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பக்கமும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்த நேரம். அந்த ஊரில் இரண்டு பள்ளி. பதிவேட்டில் ஒன்று கிழக்கு, இன்னொன்று மேற்கு. நடுவில் ஒரு வாய்க்கால், அதன் மேல் ஒரு சிறிய பாலம். இந்தப் பள்ளியில் மணி அடித்தால் அந்தப் பள்ளியில் கேட்கும். இவ்வளவு பக்கத்தில் எதற்கு இரண்டு பள்ளி என்று டேப்லெட் கேட்கவில்லை. ஊர்க்காரர்கள் கிழக்கு மேற்கு என்று சொல்வதே இல்லை. ஒன்று காலனி ஸ்கூல், மற்றது ஊர் ஸ்கூல்.

முதலில் மேற்கு, அதாவது ஊர் ஸ்கூலுக்குப் போனேன். ஹெச்.எம். தனசேகரன் சார். நல்ல மனிதர், ஓய்வுக்குக் கிட்டே இருந்தவர். ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவர்தான். உடன் இருந்த டீச்சரை டெபுடேஷன் என்று வேறு இடத்து வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"நான் ஒண்டியா கீறேன் மேடம். ஒண்ணாங்கிளாசுக்கு எழுத்து போட்டுக்குனு இருந்தா அஞ்சாங்கிளாசு வாய்க்கால்ல மீன் புடிக்கப் போயிடுது. இன்னா பண்ணச் சொல்றீங்க?" என்றார்.

மூன்றாம் வகுப்பில் பவித்ரா என்று ஒரு பெண். பாடத்தை மடமடவென்று ஒப்பித்தாள். புத்தகத்தைத் திறந்து நடுவில் ஒரு வரியில் விரலை வைத்தேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. மற்ற பிள்ளைகளும் அப்படித்தான். புத்தகத்தை மூடினால் படித்தார்கள், திறந்தால் படிக்கவில்லை. தனசேகரன் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஒரே ஆளிடம் ஐந்து வகுப்பைக் கொடுத்தவர்கள் மேல்தான் வந்தது.

பாலத்தைத் தாண்டிக் காலனி ஸ்கூல். ஜெயசீலி டீச்சர்தான் ஹெச்.எம். வில்லியனூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர். அவருக்குக் கீழே இரண்டு டீச்சர். கழிப்பறைக்குத்தான் நேராகப் போனேன். நான் வருவது தெரியாதபோதும் அது சுத்தமாகவே இருந்தது. பள்ளியில் கொடுக்கிற காலைப் பாலைக் குடித்து முடித்ததும் அங்கே ஒரு வழக்கம். ஆளுக்கொரு எழுத்துப் போட்ட பொருளை வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ எடுத்து வர வேண்டும், அதை எழுந்து நின்று படிக்க வேண்டும். பிஸ்கட் கவர், உர மூட்டையின் சாக்கு, கட்சி நோட்டீஸ், எது வேண்டுமானாலும்.

நந்தினி என்று ஒரு பெண் எழுந்து, கணீரென்று ஒரு கண்ணீர் அஞ்சலி நோட்டீஸைப் படித்தாள். இறந்தவர் பெயர், பிள்ளைகள் பெயர், மருமகன்கள் பெயர், அச்சகத்தின் போன் நம்பர் வரைக்கும் விடவில்லை.

"காலங்காத்தால இன்னாடி இது?" என்று கேட்டேன்.

"இதுல தான் மேடம் கஷ்டமான எழுத்து நெறைய கீது. போஸ்ட்டு கம்பத்துல ஒட்டியிருந்தது, நான் தான் ஃபர்ஸ்ட்டு பாத்தேன்."

சிரித்துவிட்டேன். டேப்லெட்டில் தட்டினேன். கிழக்கு பச்சை, மேற்கு சிவப்பு. மேற்கை மூடிக் கிழக்கோடு இணைக்க வேண்டும். இவ்வளவு சுலபமான ஒப்பீடு என் சர்வீசில் வந்ததில்லை என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

3. வாய்க்காலில் பாம்பு

பெற்றோர் கூட்டம் ஊர் ஸ்கூலில் நடந்தது. முன்வரிசையில் கோதண்டம். நெல்லும் கரும்பும் பயிர் வைக்கிற பெரிய கை. ஊர் ஸ்கூலுக்கு அவர் வீட்டிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை. பேரப்பிள்ளைகள் மஞ்சள் வேனில் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போகிறவர்கள். ஆனாலும் ஊரில் எந்தக் கூட்டமானாலும் முன் நாற்காலி அவருக்குத்தான்.

இணைப்பைப் பற்றிச் சொன்னேன்.

பவித்ராவின் அம்மா கஸ்தூரி எழுந்தாள். "மேடம், வாய்க்கா ஓரமா போவணும். புதரு. பாம்பு கீது. சின்னப் புள்ளைங்க."

"கொம்யூன்ல சொல்லிப் புதர வெட்டச் சொல்றேன்."

"பாலத்துக்குக் கைப்பிடி இல்ல மேடம்," என்றார் இன்னொருவர்.

"கைப்பிடி போடச் சொல்றேன்."

"மழைல சேறு."

"ஜல்லி கொட்டச் சொல்றேன்."

"காத்து அந்தப் பக்கம் ஒத்துக்காது மேடம்."

அந்தப் பக்கத்துக் காற்றுதான் இந்தப் பக்கமும் அடிக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். காலனிப் பெண்கள் தினமும் அதே வாய்க்கால் ஓரமாகத்தான் இவர்கள் நிலத்துக்கு நாற்று நட வருகிறார்கள். அவர்களைக் கடிக்காத பாம்பு எது என்று யோசித்துக்கொண்டே குறித்துக்கொண்டேன்.

கடைசியில் கோதண்டம் தொண்டையைச் செருமினார். "எங்களுக்கு ஒண்ணும் இல்ல மேடம். நாங்க அந்த மாதிரி ஆளு கெடையாது. வூட்ல பொம்பளைங்க தான் ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

பெண்கள் பக்கம் பார்த்தேன். "நாங்க எங்க மேடம் சொன்னோம்? ஆம்பளைங்க தான்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். யார் என்று தெரியவில்லை. எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு பண்ணுங்களேன்," என்றார் கோதண்டம். "அவங்க புள்ளைங்கள இங்க வரச்சொல்லுங்க. நாங்க வேணாம்னா சொல்லப்போறோம்? டீச்சரையும் இங்கயே போட்டுடுங்க. அந்த ஸ்கூல மூடிட்டா பிரச்சினை முடிஞ்சுது."

பெருந்தன்மையாகத்தான் சொன்னார். அலுவலகத்தில் என் மேலதிகாரியும் அடுத்த நாள் அதையேதான் சொன்னார்.

"மேடம், ஜூனுக்குள்ள ஏதோ ஒண்ணு மூடியாகணும். எதுன்னு எனக்குக் கவலை இல்ல. யாரும் ரோட்டுல உக்காரக்கூடாது, அவ்வளவுதான். பெரிய ஊர் ஒத்துக்கலைன்னா சின்னதை மூடிட்டுப் போங்களேன்."

"பச்சையை மூடிட்டுச் சிவப்போட சேக்கச் சொல்றீங்களா சார்?"

"நிறத்தை நீங்கதானே தட்டுனீங்க? மாத்தித் தட்டுங்க."

4. ரோட்டுப் பக்கச் சுவர்

நான் அப்போது ஒரு யோசனை கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தபோது எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது.

காலனி ஸ்கூலின் கேட் காலனித் தெருவைப் பார்த்து இருக்கிறது. பின்பக்கச் சுவர் மெயின்ரோட்டைப் பார்த்து இருக்கிறது. அந்தச் சுவருக்கு நேராகத்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று அரசு விடுகிற ஸ்டூடண்ட் ஸ்பெஷல் பஸ் நிற்கும். சுவரை உடைத்து அங்கே ஒரு கேட் வைத்துவிட்டால்? ஊர்ப் பிள்ளைகள் தங்கள் ஸ்டாப்பில் ஏறி, மெயின்ரோட்டில் இறங்கி, நேராக உள்ளே போய்விடலாம். காலனித் தெருவில் காலே வைக்க வேண்டாம். வாய்க்கால் இல்லை, பாம்பு இல்லை. பெயரும் மெயின்ரோடு ஸ்கூல் என்று மாறிவிடும்.

மேலதிகாரி முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். கோதண்டத்துக்குப் போன் செய்தேன். "ரோட்டுப் பக்கம் கேட்டா? அப்படின்னா சரி மேடம். நான் பேசிக்கறேன். கேட்டுக்கு இரும்புகூட நானே வாங்கித் தர்றேன்," என்றார். பாம்பைப் பற்றியோ காற்றைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நல்ல செய்தி சொல்லப் போகிற தெம்போடு ஜெயசீலி டீச்சரிடம் போனேன். மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் பரிமாறுகிற செல்வி, அந்தத் தெருப் பெண்தான், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்தேன்.

டீச்சர் கேட்டார்: "அப்ப எத்தினி கேட் இருக்கும் மேடம்?"

"ரெண்டு."

"எந்தப் புள்ளை எந்தக் கேட்ல வரும்?"

பதில் எனக்குத் தெரியும்.

"ஒரு நோட்டீஸ் படிக்க வெக்க எனக்கு ஒரு வருஷம் ஆவுது மேடம்," என்றார் டீச்சர். "இதை அதுங்க ஒரே வாரத்துல படிச்சிடும். யாரும் சொல்லித்தர வேணாம். அந்தக் கேட்டு அவங்களுது, இந்தக் கேட்டு நம்மளுது. அப்புறம் நான் உள்ள எந்தப் பாடம் நடத்தி இன்னா?"

"டீச்சர், இதுக்கு ஒத்துக்கலைன்னா உங்க ஸ்கூலையே மூடிடுவாங்க. நான் விளையாட்டுக்குச் சொல்லல."

அவர் முகம் வாடிவிட்டது. அந்தப் பள்ளியை ஒரு கொட்டகையிலிருந்து கட்டி எழுப்பியவர். கேட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஒரே கேட்டா இருந்தா எனக்குச் சரி. ரோட்டுப் பக்கம் தான் வேணும்னா இந்தக் கேட்டை அடைச்சிடுங்க. எங்க புள்ளைங்களும் சுத்திக்கினு வரட்டும். எல்லாரும் ஒரே வழி," என்றார்.

செல்வி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "நல்லாகீதே டீச்சர் நீ சொல்றது! எங்க வூட்டு வாசல்ல கீற கேட்ட மூடிட்டு, எங்க புள்ள லாரி போற ரோட்ட சுத்திக்கினு வரணுமா? எடம் நாங்க தான குடுத்தோம். கபடி ஆடுன எடம் இது. எதுக்கு நாங்க சுத்தணும்? வர்றவங்க இதுல வரட்டும், இன்னா இப்ப?"

டீச்சர் அவளைப் பார்த்தார். "அதுவும் சரிதான்," என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "எழுதிக்குங்க மேடம். கேட் வேணாம்னு நான் தான் சொன்னேன்னு எழுதிக்குங்க," என்றார்.

ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் எரிச்சல். முதலில் அவர்கள் மேல். தங்கமான ஒரு யோசனையைக் கொண்டுபோனால் இப்படித் திருப்பி அனுப்புகிறார்களே என்று. பாகூர் ஏரிக்கரை வருவதற்குள் எரிச்சல் வேறு பக்கம் திரும்பிவிட்டது. கேட் என்றதும் கோதண்டம் ஏன் அவ்வளவு சீக்கிரம் சரி என்றார்? அவர் வாய்விட்டுச் சொல்லாமல் கேட்ட தனி வழியைத்தான் நான் இரும்பில் அடித்துக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

5. அறிக்கை

நிறத்தை மாற்றித் தட்டவில்லை. கிழக்கு பச்சை, மேற்கு சிவப்பு என்றே வைத்தேன். கேட் யோசனையை எடுத்துவிட்டேன். கீழே 'குறிப்பு' என்று காலியாக இருந்த இடத்தில், மேற்குப் பள்ளிப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் காலனித் தெரு வழியாக அனுப்ப விரும்பவில்லை, இணைப்புக்கு வேறு தடை எதுவும் இல்லை என்று எழுதினேன். கூடவே, மேற்குப் பள்ளிக்கு உடனே ஒரு டீச்சர் வேண்டும் என்றும் எழுதினேன். பிள்ளைகள் எந்தப் பக்கம் இருந்தாலும் பிள்ளைகள்தானே.

மேலதிகாரி படித்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேடம், இதையெல்லாம் ரிப்போர்ட்ல எழுதுவாங்களா?"

"வேற இன்னா எழுதறது சார்? பாம்புன்னு எழுதட்டுமா?"

"எழுதுங்களேன்! பாம்பு என்ன பெட்டிஷனா போடப்போகுது?"

"நான் எழுத மாட்டேன் சார். நீங்க வேணா அடிச்சுட்டுக் கையெழுத்து போட்டு அனுப்புங்க."

அவர் அடிக்கவில்லை. கெட்டவர் இல்லை அவர், சத்தத்துக்குப் பயந்தவர், அவ்வளவுதான். தன் கையால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட அவருக்கும் மனது வரவில்லை. அப்படியே மேலே போனது. அந்த வரி இருக்கும்போது காலனி ஸ்கூலை மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட மேலேயும் ஆள் கிடைக்கவில்லை. இரண்டும் இப்போதைக்கு இருக்கட்டும் என்று பதில் வந்தது.

அதைச் சொல்ல ஜெயசீலி டீச்சருக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரி, வைங்க டீச்சர், வேலையைப் பாருங்க," என்று வைத்துவிட்டேன்.

6. ஜூன்

தனசேகரன் சார் அந்தக் கோடையில் ஓய்வு பெற்றார். நான் கேட்ட டீச்சர் வரவில்லை. தற்காலிகமாக ஒருவரை அனுப்பினார்கள், அவரும் பாதி நாள் மீட்டிங்கில் இருந்தார்.

பள்ளி திறந்த சில நாளில் காலனி ஸ்கூலுக்குப் போயிருந்தேன். முந்தின நாள் கோடை மழை பெய்து, தெரு சேறாகிக் கிடந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் கடைசியாகச் சொல்ல நினைப்பது அந்தக் காலையில்தான் எனக்குப் பிடிபட்டது. கழிப்பறையைப் பாருங்கள் என்று சொன்னேன் இல்லையா? அதற்கும் முன்னால், மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்பே போய்க் கேட்டில் நில்லுங்கள். யார் வருகிறார்கள், எந்த வழியாக வருகிறார்கள், யார் வரவே இல்லை என்று பாருங்கள். இரண்டு பள்ளியை ஒப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பல நேரம் நாம் இரண்டு தெருவைத்தான் ஒப்பிடுகிறோம். நிறம் காட்டுகிற கருவி அதைச் சொல்லாது.

நான் அன்றைக்கு ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுக் கேட்டில் நின்றேன். காலனிப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், பாலத்துப் பக்கமிருந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் பவித்ராவின் கை. கணுக்கால் வரைக்கும் சேறு. கஸ்தூரிதான். தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். செல்வி குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

கஸ்தூரி என்னைப் பார்த்ததும் தயங்கினாள். "வேன்ல வேற ஸ்கூலுக்கு அனுப்பலாம்னா பீஸு கட்ட முடியல மேடம். புள்ள நாலாங்கிளாசு போவுது, இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியல. இங்க சேத்துக்குவீங்களா?"

"ஊர்ல ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லுவாங்க. சொல்லட்டும்."

செல்வி குடத்துத் தண்ணீரைச் சாய்த்து, "கால நீட்டு," என்றாள். கஸ்தூரி ஒரு நொடி அவளைப் பார்த்தாள். பிறகு காலை நீட்டினாள். அடுத்து செல்வி பவித்ராவின் காலுக்கும் ஊற்றினாள்.

ஊரே திரண்டு வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த வருடம் கஸ்தூரிக்குப் பின்னால் இன்னும் சில வீடுகள் வந்தன. கோதண்டம் வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்கும் மஞ்சள் வேனில்தான் போகிறார்கள். இரண்டு பள்ளியும் இன்னும் இரண்டாகத்தான் இருக்கின்றன. ரோட்டுப் பக்கச் சுவர் உடைபடாமல் அப்படியே நிற்கிறது.

அன்றைக்கு எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கால் கழுவிக்கொண்டு உள்ளே போகத் திரும்பிய கஸ்தூரியிடம், "ஏம்மா, வாய்க்கா ஓரமா பாம்பு கீதுன்னு கூட்டத்துல சொன்னியே?" என்று கேட்டேன்.

அவள் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கீது மேடம்," என்றாள். "பாத்துக்கினு தான் வந்தோம்."